பெயர் இல்லாத தாய்மார்களின் கருக்கள்: பாடத்தில் இருக்கலாமா, கூடாதா?

நுண்ணோக்கி_நந்தன்:
வேறொரு இழையில் ஒருவர், கார்னகி கருத் தொகுப்பின் படங்களைப் பாடப்புத்தகத்திலிருந்தே தூக்க வேண்டும், அவை பெண்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டவை என்று எழுதியிருந்தார். லேப் டெக்னீசியன் பிள்ளைகளுக்கு அதே படங்களை வைத்துத்தான் வருடாவருடம் பாடம் எடுக்கிறேன், அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிராங்க்ளின் மால் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1887இல் ஒரே ஒரு கருவோடு தொடங்கிய சேகரிப்பு அது. 1914இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கார்னகி ஆய்வு நிறுவனம் அதற்கென்றே ஒரு துறை அமைத்தது. டாக்டர்கள் கருச்சிதைவிலும் அறுவை சிகிச்சையிலும் கிடைத்ததை ஜாடியில் போட்டு அனுப்பினார்கள், இல்லையென்றால் குப்பைக்குத்தான் போயிருக்கும். மாலுக்குப் பின் வந்த ஸ்ட்ரீட்டர் 1942 முதல் அவற்றை வரிசைப்படுத்த ஆரம்பித்தார், அதிலிருந்து வந்ததுதான் முதல் 8 வாரத்தை 23 நிலைகளாகப் பிரிக்கும் கணக்கு. இன்றும் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். இதைத் தூக்கிவிட்டு எதை வைப்பது?

தேன்மொழி_ஆர்:
நந்தன் சார், பிரசவ வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் கேட்கிறேன். அது யாருடைய குப்பை? அந்தக் காலத்துக் கருக்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். 1899இல் வியன்னாவில் ஹூபெர்ட் பீட்டர்ஸ் ஒரு மிக இளம் கருவை விவரித்தார், அதற்குப் பெயர் 'பீட்டர்ஸ் கரு'. அது தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனையில் கிடைத்தது. அவள் பெயரைப் பாடத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மில்லர் கரு, மேட்டீர் கரு, யேல் கரு... டாக்டர் பெயர், கல்லூரி பெயர் எல்லாம் இருக்கிறது. பெற்றவள் மட்டும் இல்லை.

நுண்ணோக்கி_நந்தன்:
பீட்டர்ஸ் விஷயம் வலிக்கத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் அக்கா. முதல் இரண்டு வாரம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பாஸ்டனில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற இரண்டு டாக்டர்கள் 1938 முதல் சுமார் 15 வருடம் செய்த வேலையிலிருந்து வந்தது. அங்கே வந்த பெண்களுக்கு ஏற்கெனவே கருப்பை நீக்க அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. மாதவிடாய்த் தேதியும், கணவரோடு சேர்ந்த தேதியும் குறித்துவைக்கச் சொன்னார்கள், அவர்களும் குறித்துக் கொடுத்தார்கள். சுமார் 210 பெண்கள், அறுவை சிகிச்சையில் நீக்கியதில் கிடைத்தது 34 கருக்கள். இரண்டு செல் நிலையிலிருந்து 17 நாள் வரை. அதில் கணிசமானவை கோளாறானவை. பெண்ணுக்கே தெரியாமல் எத்தனை கருக்கள் இயல்பாகவே கலைந்து போகின்றன என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி. கரு கலைந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் மாமியாருக்குக் காட்ட வேண்டிய ஆதாரம் அது. அதையா தூக்கச் சொல்கிறீர்கள்?

தேன்மொழி_ஆர்:
தேதி எதற்குக் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. கரு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற மாதிரி ஆபரேஷன் தேதி வைப்பதற்காக. மூன்று முறையாவது கர்ப்பமானவள், கணவரோடு வாழ்பவள், கணக்கு எழுதத் தெரிந்தவள் என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரே 'பெண்களுக்கான இலவச மருத்துவமனை', வந்தவர்கள் வசதியில்லாதவர்கள். காசில்லாமல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு அட்டையைக் கொடுத்து இதை நிரப்பிக் கொண்டு வா என்றால், மாட்டேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? என் வார்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் படித்துப் பார்த்ததில்லை, சிஸ்டர் எங்கே போடணும் என்றுதான் கேட்பார்கள். எழுதிக் கொடுத்தாள் என்பதற்காகச் சம்மதித்தாள் என்று ஆகிவிடாது.

ஓய்வு_உயிரியல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், வாத்தியார் புத்தி. இந்தச் சேகரிப்பு ஏன் வந்தது என்பதை இரண்டு பேரும் தொடவில்லை. 1868இல் ஹெக்கல் என்ற ஜெர்மன் உயிரியலாளர் தன் புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருவும் ஆரம்பத்தில் ஒன்றுபோல இருக்கும் என்று காட்ட ஒரே மர அச்சை மூன்று தடவை அச்சடித்து மூன்று பெயர் போட்டார்! பிடிபட்டார். அவரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்த உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். 1875இல் கிரவுசே என்பவர் தன்னிடம் ஒரு மனிதக் கரு இருக்கிறது, அது ஹெக்கல் சொன்னதை நிரூபிக்கிறது என்றார். ஹிஸ் பார்த்துவிட்டு, அது பறவைக் கரு என்றார். பல வருடம் சண்டை, கடைசியில் பறவைதான் என்று முடிந்தது. கையில் உண்மையான கருக்கள் போதிய அளவு இல்லாத காலத்தில் படித்தவர்களே இப்படித்தான் ஏமாந்தார்கள், ஏமாற்றினார்கள். ஹிஸ் ஊர் ஊராக டாக்டர்களுக்கு எழுதிக் கேட்டு வாங்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி, மெழுகில் மறுபடி உருவம் கட்டினார். மால் அவரிடம் படித்தவர். நந்தன் தம்பி பாடம் எடுப்பது அந்தப் பரம்பரைச் சொத்தை வைத்துத்தான்.

சும்மா_வந்தவன்:
கேட்காமலேயே புற்றுநோய்ச் செல்களை எடுத்து ஆய்வுக்கு வளர்த்தார்களே, அந்த ஹென்ரியட்டா லாக்ஸ் கதைதானே இது? அதே பால்டிமோர்.

ஓய்வு_உயிரியல்:
ஊர் ஒன்றுதான். ஆனால் அங்கே செல்களை வளர்த்தார்கள், பிறகு கம்பெனிகள் விற்றன, குடும்பம் இன்னும் இருக்கிறது, கேள்வி கேட்கிறது. இங்கே கேட்பதற்கு யாரைத் தேடுவது என்றே தெரியாது.

தேன்மொழி_ஆர்:
சார் சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்கிறேன்.

நுண்ணோக்கி_நந்தன்:
சரி, ஒரு கணக்கு மட்டும். ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்தபின் மிஞ்சும் கருவைத் தம்பதி எழுதிக் கொடுத்தால் ஆய்வுக்கு எடுக்கலாம், ஆனால் 14 நாளைத் தாண்டி வளர்க்கக் கூடாது. பிரிட்டனில் 1990 சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலும் அதேதான். அதற்கு அடுத்த இரண்டு வாரத்தில்தான் உடலின் அச்சே உருவாகிறது, இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. அந்த நாட்களைப் பார்க்க நமக்கு இருப்பது பெரும்பாலும் பழைய ஸ்லைடுகள்தான். 2016இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக் குழு கார்னகி தொகுப்பிலிருந்து சுமார் 15,000 சீவல்களைக் கணினியில் ஏற்றி முப்பரிமாண உருவம் செய்தது. பாடத்தில் மனிதக் கரு என்று எழுதியிருந்த சில விவரங்கள் உண்மையில் கோழி, எலிக் கருவிலிருந்து வந்தவை என்று அப்போதுதான் வெளியே வந்தது. ஹெக்கல் வியாதி 150 வருடமாகப் போகவில்லை. அந்த ஸ்லைடைப் பூட்டி வைத்தால் மறுபடி கோழிக்குத்தான் போவோம்.

தேன்மொழி_ஆர்:
பூட்டச் சொன்னது வேறு யாரோ, நான் இல்லை. மேலே போய்ப் படியுங்கள். அது குப்பை, எழுதிக் கொடுத்தார்கள், எல்லாம் சரி என்று நீங்கள் சொன்னதுதான் என் சண்டை.

நுண்ணோக்கி_நந்தன்:
குப்பை என்றது தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாஸ்டன் கருவின் படம் போட வேண்டும். படத்தை எடுக்க மாட்டேன். அதன் கீழே, எந்த ஆஸ்பத்திரியில் எப்படிப்பட்ட பெண்ணிடமிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

தேன்மொழி_ஆர்:
சேருங்கள். அந்த வரியில் 'தானமாகத் தந்தார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.