நம்பை அரேவ கழிச்சா ஷேப் மாறிடுது, எரரும் வரல, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, பைத்தான்ல நம்பை (NumPy, நம்பர் கணக்குக்கான லைப்ரரி) வச்சு ஒரு சின்ன ரிக்ரஷன் மாடல் எழுதிட்டு இருக்கேன், உண்மையான மதிப்பு இருக்கற அரேவோட (நம்பர் வரிசையோட) ஷேப், அதாவது அளவமைப்பு, (100,), மாடல் தர்றது (100, 1), ரெண்டையும் கழிச்சா 100 நம்பர் வரணும்ல, ஆனா (100, 100)னு 10,000 நம்பர் வந்து நிக்குது. ஷேப் சுத்தமா பொருந்தலைன்னா வேல்யூ எரர் வந்து அங்கயே நின்னுடும், அது எவ்வளவோ தேவல. இங்க பிராட்காஸ்டிங் (ஷேப் வேற வேறயா இருந்தா நம்பையே அரேவ நீட்டி பொருத்திக்கறது) சத்தமில்லாம விரிச்சு விட்டுடுது, அப்புறம் ஸ்கொயர் பண்ணி மீன் எடுத்தா ஒரே நம்பர்தானே வரும், பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கு, இதுதான் ரொம்ப ஆபத்து.

ராவல் (ravel, அரேவ ஒரே வரிசையா ஆக்கற ஃபங்ஷன்) போட்டா சரியாயிடுது. ஆனா அது முடிஞ்சவரைக்கும் வியூதான் (காப்பி இல்ல, அதே டேட்டாவ காட்டற இன்னொரு அரே) தரும், அதுல கைவச்சா ஒரிஜினலும் மாறிடும்ல? அப்போ ஃப்ளாட்டன் போட்டு காப்பி எடுக்கறது நல்லதா, இல்ல பெரிய அரேன்னா மெமரி எகிறிடுமா?

இன்னொன்னு, கோட்ல நிறைய எடத்துல இப்படி கழித்தல் வருது, எல்லா எடத்துலயும் ஷேப்புக்கு அசெர்ட் (சரியில்லன்னா அங்கயே எரர் குடுத்து நிறுத்தற செக்) போடணுமா, இல்ல டேட்டா உள்ள வர்றப்பவே ஒரே ஷேப்புக்கு மாத்திடுறதுதான் நீங்கல்லாம் பண்றதா? பெரிய ப்ராஜெக்ட்ல வேலை பாத்தவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.