மறு: 'ஆட் டு டிக்‌ஷனரி' – அகராதியில் சேர்ப்பதா, சொல்லேட்டில் சேர்ப்பதா?

மென்பொருள் தமிழாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எழுத்துப்பிழை பார்க்கும் கருவியில் 'டிக்‌ஷனரி' என்று வருவதற்குத் தமிழில் 'சொல்லேடு' என்று ஒரு சொல்லைப் போன வாரம் இழையில் போட்டுவிட்டு, விளக்கம் எதுவும் எழுதாமல் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழெட்டு மறுமொழிகள். அகராதி என்ற நல்ல சொல் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் பலருடைய கேள்வி. நியாயமான கேள்வி. சொல் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிக்கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலை வைத்திருக்கிறார். தமிழ்99 விசைப்பலகையில் என்னைவிட வேகமாகத் தட்டுவார். ஒரு நாள் காலையில் போன். "என்னடா இது, நான் எழுதுற வரி பூரா சிவப்புக் கோடு போடுது? முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்க நோட்டுல நான் போட்டதையெல்லாம் இப்ப மொத்தமா எனக்குத் திருப்பிப் போடுது."

முதல் காரணம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பிழை பார்க்கும் மொழி ஆங்கிலமாக இருந்தது. ஆங்கிலச் சொற்களை மட்டும் கையில் வைத்திருக்கும் கருவிக்குத் தமிழ்ச்சொல் ஒவ்வொன்றும் பிழைதான். தமிழுக்கான கோப்பைப் பொங்கலுக்குப் போனபோது நானே சேர்த்து வைத்திருந்தேன்; தேர்ந்தெடுத்து வைக்க மறந்துவிட்டேன். மடல் எழுதும் சாளரத்தில் வலச்சொடுக்கு, மொழிகள், தமிழ் என்று போனிலேயே சொன்னேன். பாதிக் கோடுகள் போயின. அடுத்த மடலைத் திறந்தார், மறுபடியும் ஆங்கிலம். மடலுக்குள் மாற்றுவது அந்த மடலோடு சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய், மடல் எழுதுவதற்கான பகுதியில், எழுத்துக்கூட்டல் என்ற தலைப்பின் கீழே மாற்ற வேண்டும். தட்டும்போதே பிழை பார்க்க ஒரு கட்டமும், அனுப்பும் முன் பார்க்க ஒரு கட்டமும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார். "அனுப்புன்னா அனுப்பணும், அதென்ன எதிர்க்கேள்வி?"

மிச்சமிருந்த கோடுகள்தான் சுவாரசியம். 'அதைப் பார்த்து' என்று எழுதினால் 'அதைப்' சிவப்பு. ஒற்றை எடுத்துவிட்டு 'அதை' என்று எழுதினால் சிவப்பு இல்லை. சந்தியைச் சரியாகப் போடுபவருக்குத் தண்டனை, போடாதவருக்குப் பாராட்டு! பெரியப்பாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் கருவியின் நிலையையும் பார்க்க வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் பார்க்கிறது. அடுத்து வருவது 'பார்த்து'வா 'கேட்டு'வா என்று அதற்குத் தெரியாது. எல்லாச் சொல்லுக்கும் பின்னால் க், ச், த், ப் வரலாம் என்று விதி எழுதிவைத்தால் 'அதைக் பார்த்து' என்பதும் தேறிவிடும். சந்தி பார்ப்பதற்கு நாவி என்று தனிக் கருவியே இருக்கிறது, அது வேறு கதை.

இன்னொன்று, 'பொழுது'. ஒரே மடலில் மேல் வரியில் கோடு இல்லை, கீழ் வரியில் கோடு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கீழ் வரி, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு ஒன்றிலிருந்து ஒட்டியது. ஒகரக் குறிக்கு ஒருங்குறியில் (யூனிகோட்) தனி இடம் உண்டு. ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாக வந்தாலும் திரையில் அதே 'பொ' தான். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதுதான் ஒருங்குறியின் விதி. ஆனால் கருவியின் விதிகள் இருக்கும் விதிக்கோப்பில் அதற்கென ஒரு வரி எழுதி வைக்காவிட்டால் பிழை பார்க்கும் கருவிக்கு அவை வேறுவேறு சொற்கள். கொம்பையும் காலையும் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டச் சொன்னேன். கோடு மறைந்தது. "மந்திரமா?" என்றார்.

சரி, அகராதிக்கு வருவோம். நல்ல சொற்களுக்கெல்லாம் கோடு விழுந்தால் வலச்சொடுக்கில் 'ஆட் டு டிக்‌ஷனரி' கொடுங்கள் என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் மறுபடி போன். "அகராதியில சேர்த்துட்டேன்டா. பொருள் எழுதுறதுக்கு இடமே வரலையே?"

நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சிரித்தது தப்பு என்று பட்டது. தமிழ் படித்த ஒரு மனிதரிடம் 'அகராதியில் சேர்' என்று சொன்னால் அவர் வேறு என்ன எதிர்பார்ப்பார்? சொல், அதன் இலக்கணக் குறிப்பு, பொருள், முடிந்தால் ஒரு மேற்கோள். மொழிபெயர்க்க உட்காரும்போது நாமும் யோசிக்காமல் அகராதி என்றே போட்டுவிடுகிறோம். நானே பல இடங்களில் போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் வேறு சிக்கல். 'கருப்பொருள்' என்பதை 'கருப்பொருல்' என்று தட்டி, கைதவறி அதையும் சேர்த்துவிட்டார். இப்போது அந்தப் பிழைக்குக் கோடே விழுவதில்லை. எடுப்பது எப்படி? உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால் பயனர் கோப்புறைக்குப் போக வழி இருக்கும். அதற்குள் 'பெர்ஸ்டிக்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பு. தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து, வேண்டாத வரியை அழித்துச் சேமித்தால் முடிந்தது. இந்த முறை நேரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோப்பு திறந்ததும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வரிக்கு ஒரு சொல். வேறு ஒன்றுமே இல்லை.

"இதையா அகராதின்னு சொன்னே? இது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்டா. பேரு இருந்தா உள்ள, இல்லேன்னா வெளிய நில்லு."

அவ்வளவுதான், அங்கேதான் சொல் கிடைத்தது. வருகைப் பதிவேடு, பேரேடு, குறிப்பேடு என்று ஏடுகள் நம்மிடம் நிறைய. சொற்களின் பெயரை மட்டும் எழுதிவைக்கும் ஏடு சொல்லேடு.

இனி உங்கள் மறுமொழிகள்.

> அகராதி என்றால் அகரத்தை ஆதியாகக் கொண்டது என்றுதான் பொருள். சொற்பொருள் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெயரில் எங்கே இருக்கிறது?

பெயரில் இல்லை, உண்மைதான். 1594இல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் அந்தப் பெயர் அகர வரிசையைத்தான் குறித்தது. ஆனால் அவரும் சொல்லுக்குப் பொருள் சொன்னவர்தானே. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து விளக்கம்தான் தந்தார். அன்று முதல் இன்று வரை அகராதியைத் திறப்பவர் பொருள் தேடித்தான் திறக்கிறார். சொற்பிறப்பைக் காட்டி அவரிடம் வாதாட முடியாது. (பேச்சுவழக்கில் 'அகராதி பிடித்தது' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சரியான சொல்லுக்கெல்லாம் கோடு போடும் கருவிக்கு அந்தப் பொருளில் வேண்டுமானால் பெயர் பொருந்தும்.)

> அது வெறும் சொல் வரிசை இல்லையே, இலக்கண விதிகளும் சேர்ந்ததுதானே?

இது நல்ல மறுப்பு. பதிலைக் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். தண்டர்பேர்ட், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் எல்லாவற்றிலும் பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற நிரல். லாஸ்லோ நேமெத் என்பவர் ஹங்கேரிய மொழிக்காகச் செய்தது, பெயரிலேயே ஹங்கேரி இருக்கிறது. அந்த மொழியும் நம்முடையதைப் போல ஒட்டு மேல் ஒட்டாக வளர்வது. அதனால்தான் ஆங்கிலத்துக்குப் போதுமாக இருந்த பழைய நிரல் அவருக்குப் போதவில்லை. இதில் மொழிக்கு இரண்டு கோப்புகள். 'டிக்' என்று முடிவதில் முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை, பிறகு வரிக்கு ஒரு சொல், சொல்லுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஓர் அடையாள எழுத்து. 'அஃப்' என்று முடிவதில் அந்த அடையாளத்துக்கான விதி: மகர ஒற்றில் முடிந்தால் 'ம்' எடு, 'த்தை' சேர், 'ம்' எடு, 'த்தில்' சேர். இப்படி 'மரம்' என்று ஒரே ஒரு வரி இருந்தால் மரத்தை, மரத்தில், மரத்துக்கு எல்லாம் தேறிவிடும்.

ஆக விதி தனிக் கோப்பு, சொல் தனிக் கோப்பு. நான் பெயர் கேட்பது சொல் கோப்புக்கு மட்டும்.

பயனர் தானே சேர்க்கும் கோப்பில் விதி கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியப்பா 'வில்லுப்பாட்டு' என்று சேர்த்தார். 'வில்லுப்பாட்டில்' என்று எழுதியதும் கோடு. 'வில்லுப்பாட்டை', கோடு. "ஒரு தடவைதான் சேர்த்தாச்சே, அதுக்குத் தமிழ் தெரியாதா?" என்றார். அகராதி என்று சொன்னதால்தான் இந்த எதிர்பார்ப்பும். அகராதியில் 'பாட்டு' இருந்தால் போதும், 'பாட்டை' என்பதற்குத் தனிப்பதிவு யாரும் தேட மாட்டார்கள். பதிவேட்டில் பதிந்த பெயர்தான் பெயர்.

> சொற்பட்டியல் போதாதா? சொல்லடைவு?

சொல்லடைவு வேண்டாம். எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று காட்டும் நூலுக்கு அந்தப் பெயரைத் தமிழாய்வில் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. சொற்பட்டியல் எளிமையானது, மறுக்கவில்லை. குழுமம் அதைத்தான் விரும்புகிறது என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஒன்று மட்டும்: நம் மொழிபெயர்ப்புகளில் எங்கு பார்த்தாலும் பட்டியல்தான். கோப்புப் பட்டியல், உதவிப் பட்டியல், தொடர்புப் பட்டியல். மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொன்றா?

> சொல்லேடு என்பதை வினைத்தொகையாகவும் படிக்கலாமே: சொன்ன ஏடு, சொல்கின்ற ஏடு, சொல்லும் ஏடு.

படிக்கலாம். இலங்கை நண்பர் இதை எழுதியதும் ரசித்தேன். ஆனால் திரையில் 'சொல்லேட்டில் சேர்' என்று ஒரு பொத்தான் வந்தால் யாரும் அப்படிப் பிரித்துக் குழம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேற்றுமை ஏற்கும்போது நாளேடு போலவே நடக்கிறது: சொல்லேட்டில், சொல்லேட்டை, சொல்லேட்டு மொழி. ஒலிக்கவும் சுலபம். 'டா' போட்டுச் சொன்னால் 'சொல்லேண்டா' என்று காதில் விழுகிறது என்ற கிண்டலுக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கருவிக்குப் பெயர் பிழைதிருத்தியா பிழைகாட்டியா என்ற கிளை விவாதத்தில் என் ஓட்டு காட்டிக்கே. கோடு போடுவது காட்டுவது. தானாகச் சொல்லை மாற்றினால்தான் திருத்துவது. திசைகாட்டி கப்பலை ஓட்டுவதில்லை. இன்னும் கறாராகப் பார்த்தால் அது பிழையைக்கூடக் காட்டவில்லை, 'இந்தச் சொல் என் ஏட்டில் இல்லை' என்றுதான் சொல்கிறது. பெரியப்பாவும் இப்போது கோட்டைப் பார்த்தால் கோபப்படுவதில்லை. "புதுசா சேர்ந்த பையன், பேரு ஏறலை" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போகிறார்.

ஆகவே மொழிபெயர்ப்பில் நான் போட விரும்பும் சரங்கள் (திரையில் தோன்றும் வாசகங்கள்) இவை: நாமே சேர்ப்பதற்கு 'என் சொல்லேட்டில் சேர்', எடுப்பதற்கு 'என் சொல்லேட்டிலிருந்து நீக்கு', கூடுதல் மொழிகளைத் தரவிறக்கும் இடத்தில் 'மேலும் சொல்லேடுகள்'. 'தனிப்பயன் சொல்லேடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'என்' போதும், இரண்டே எழுத்து, பொத்தானிலும் அடங்கும். பொருள் சொல்லும் அகராதியை இணைத்துத் தரும் நிரல்களில் அகராதி என்பது அகராதியாகவே இருக்கட்டும், அங்கே கைவைக்க வேண்டாம்.

மறுப்பு இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். திங்கள்கிழமை சரங்களை ஏற்றலாம் என்று இருக்கிறேன். 'அஃப்' கோப்புக்கு விதிக்கோப்பு என்று இந்த மடலில் ஓர் அவசரத்துக்கு எழுதியிருக்கிறேன், அதற்கு நல்ல பெயர் தோன்றினால் தனி இழை தொடங்குங்கள். அப்புறம், தமிழ் ஹன்ஸ்பெல் கோப்பைப் பராமரிப்பவர் யாராவது குழுமத்தில் இருந்தால், ஒகர ஓகார ஔகாரக் குறிகளை ஒன்றாகக் கொள்ளும் வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ஒட்டிய மடல்களில் ஒவ்வொரு கொம்பாக அழித்துத் தட்டிக்கொண்டிருக்கிறார் பெரியப்பா.