குழந்தைக்கு விளம்பரம் இல்லாத கேம் வேண்டும், உதவுங்கள்

வணக்கம், காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, சாயங்காலம் அரை மணி நேரம் என் போனில் ஒரு இலவச கேம் ஆடுவாள். ஒவ்வொரு லெவல் முடிந்ததும் முப்பது விநாடி விளம்பரம், மூலையில் கடுகளவு பெருக்கல் குறி, அதைத் தொட்டால் மூடாமல் வேறொரு ஆப்பை இறக்கச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விடுகிறது. சரி, அதையாவது பொறுக்கலாம். கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் வைரம் 80 தேவைப்படும் இடத்தில், 50 அல்லது 120 கொண்ட பொதிகளாகத்தான் விற்கிறார்கள். போன ஞாயிறு நான் அடுப்படியில் இருந்தபோது, பிளே ஸ்டோரில் போட்டு வைத்திருந்த பேலன்ஸிலிருந்து 399 ரூபாய் போய்விட்டது. பயத்தில் அழுதே விட்டாள் பாவம், அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிட்டேன். டேட்டாவை அணைத்தால் அந்த கேமே திறப்பதில்லை. இப்படி ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறை கொண்டு வந்ததே, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், ஒரே ஒரு தடவை காசு கட்டினால் போதும், நெட் இல்லாமலும் ஓடும் என்கிற மாதிரி கேம் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். சனிக்கிழமை குடியாத்தத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறோம், பஸ்ஸில் ஏறியதும் போனைக் கேட்பாள்.