ஸ்பாட் யூவி: அதே கோப்பிலா, தனிக் கோப்பிலா?

அட்டைப்பெட்டி:
ஒரு இனிப்புக் கடைக்கு கார்ட்டன் டிசைன் செய்கிறேன். நாலு கலர் (சிஎம்ஒய்கே: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு), மேட் லேமினேஷன், லோகோவுக்கு மேலே ஸ்பாட் யூவி (அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ்), பின்னணியில் பான்டோன் ஆரஞ்சு 021 (தனி டப்பா மை). இல்லஸ்ட்ரேட்டரில் யூவிக்கு ஒரு ஸ்பாட் ஸ்வாட்ச் (தனி பிளேட்டாகப் போகும் கலர்) போட்டு, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினேன். பிரஸ்ஸில் "யூவியைக் கருப்பில் தனிக் கோப்பாகக் கொடுங்க, ஆரஞ்சை சிஎம்ஒய்கே ஆக்கிடுங்க" என்கிறார்கள். இதுதான் முறையா, இல்லை அவர்கள் சோம்பேறித்தனமா?

சிவகாசி_சிடிபி:
சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம், தம்பி. எங்கள் மேசைக்கு வரும் கோப்புகளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நாலு கலர் ஜாப் என்பார்கள், செபரேஷனை, அதாவது மைவாரியாகப் பிரித்ததைத் திறந்தால் ஏழெட்டு பிளேட் நிற்கும். "PANTONE 485 C" ஒன்று, அதே கலரே "485 U" என்ற பெயரில் இன்னொன்று, எங்கிருந்தோ காப்பி செய்த லோகோவோடு ஒட்டிக்கொண்டு வந்த பச்சை ஒன்று. ரிப்புக்கு (கோப்பை பிளேட்டுக்கு மாற்றும் மென்பொருள்) பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு மை, வேறு பிளேட். அதனால்தான் பல பிரஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஸ்பாட்டையும் பிராசஸாக, அதாவது சிஎம்ஒய்கே-யாக, மாற்றிவிடுகிறார்கள். அந்த வேகத்தில் உங்கள் யூவியும் மாறி, நாலு கலரோடு சேர்ந்து அச்சாகிவிடும். தனிக் கோப்பு என்றால் அந்த பயம் இல்லை.

இன்னொன்று. யூவி போடுவது பெரும்பாலும் வேறு யூனிட். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது யூவி விழும் இடம் மட்டும் கருப்பாக இருக்கும் ஒரு பாசிட்டிவ் ஃபிலிம். கருப்பில் கொடுத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஓவர்பிரிண்ட்_ஆசாமி:
குப்பைக் கோப்பு அனுப்புகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாட்டை ஒழுங்காக அனுப்புகிறவர் மீதும் போட்டால் எப்படி, சார்? இன்டிசைனில் இங்க் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. 485 யூ-வை 485 சி-க்கு ஏலியஸ் கொடுத்தால் இரண்டும் ஒரே பிளேட். எல்லாவற்றையும் மாற்றத் தேவையே இல்லை, வேண்டாததை மட்டும் மாற்றலாம்.

தனிக் கோப்பின் ஆபத்து என்ன தெரியுமா? பார்ட்டி கடைசி நேரத்தில் "லோகோவைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்க" என்பார். மெயின் கோப்பில் ஏற்றிவிடுவோம், யூவி கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும். பளபளப்பு ஒரு பக்கம், லோகோ ஒரு பக்கம். ஒரே கோப்பில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். பாசிட்டிவ் வேண்டுமென்றால் அந்த ஒரு செபரேஷனை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாமே. ரிஜிஸ்டர் மார்க்கும் தானாகவே ஒத்துப்போகும்.

அட்டைப்பெட்டி:
சேர்ந்தே நகர வேண்டுமானால் குரூப் செய்திருக்க வேண்டுமே? நான் யூவியைத் தனி லேயரில் வைத்திருக்கிறேன், பெயரும் "ஸ்பாட் யூவி".

ஓவர்பிரிண்ட்_ஆசாமி:
வெவ்வேறு லேயரில் இருப்பதை குரூப் செய்தால் ஒரே லேயருக்கு வந்துவிடும், அதனால் குரூப் வேண்டாம். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள், யூவி லேயரைப் பூட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

லேயரைத் தனியாக வைத்தது நல்லதுதான், ஆனால் அது உங்கள் வசதிக்கு மட்டும். பிளேட் போடும்போது ரிப் லேயர் பெயரைப் பார்ப்பதில்லை, ஸ்வாட்ச்சைத்தான் பார்க்கும். அந்த லேயரில் இருப்பதை 100 மெஜந்தாவில் நிரப்பியிருந்தால், லேயருக்கு என்ன பெயர் வைத்தாலும் அது மெஜந்தா பிளேட்டில்தான் போய் விழும். ஸ்வாட்ச்சின் கலர் டைப்பே ஸ்பாட்டாக இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இதே கதைதான்: ஸ்பாட் சேனல்தான் பிளேட் ஆகும், ஆல்ஃபா சேனல் ஆகாது.

சிவகாசி_சிடிபி:
தம்பி, முதலில் ஒரு கேள்வி. ஓவர்பிரிண்ட் கொடுத்தீர்களா?

அட்டைப்பெட்டி:
யூவி லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. ஓவர்பிரிண்ட் தனியாகக் கொடுக்கவில்லை. தேவையா?

சிவகாசி_சிடிபி:
இதுக்குத்தான் சொன்னேன். ஓவர்பிரிண்ட் இல்லையென்றால் மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டிவிடும். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பேப்பர், அதன் மேல் வார்னிஷ். திரையில் ஒன்றும் தெரியாது. மெஷினில் ஷீட் வந்த பிறகுதான் தெரியும், அப்போது பேப்பர் காசு யார் தலையில்? தனிக் கோப்பில் இந்தப் பிரச்சினைக்கு இடமே இல்லை.

ஓவர்பிரிண்ட்_ஆசாமி:
அது நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்தும் இருக்கிறது. அட்ரிபியூட்ஸ் பேனலில் ஓவர்பிரிண்ட் ஃபில், கோட்டுக்கு ஓவர்பிரிண்ட் ஸ்ட்ரோக். பிறகு அக்ரோபேட்டில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து யூவி பிளேட்டை அணைத்துப் பாருங்கள். கீழே லோகோ முழுசாக இருந்தால் சரி. ஓட்டையாக இருந்தால் நாக்அவுட் ஆகியிருக்கிறது. இதைப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஒரு எச்சரிக்கை: ஆரஞ்சுக்கு இதே பழக்கத்தில் ஓவர்பிரிண்ட் கொடுத்துவிடாதீர்கள். ஆஃப்செட் மை ஒளி ஊடுருவக்கூடியது. கீழே சயான் இருந்தால் ஆரஞ்சு அழுக்குப் பழுப்பாகிவிடும். அதற்கு நாக்அவுட்தான், ஓரத்தில் கொஞ்சம் டிராப் (இரண்டு மையும் விளிம்பில் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது).

கோரல்_பாண்டி:
எல்லோரும் அடோபியையே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் பாதி வேலை கோரல்டிராவில்தான் நடக்கிறது. அதிலும் ஃபில்லுக்கு ஓவர்பிரிண்ட் உண்டு, ரைட் கிளிக் செய்தாலே வரும். பிடிஎஃப் எடுக்கும்போது ஸ்பாட்டை மாற்றும் டிக் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதை விடுங்கள், பான்டோன் எதற்கு இப்போது? 2022 நவம்பரில் அடோபி முக்கால்வாசி பான்டோன் நூலகத்தை எடுத்துவிட்டது, சந்தா கட்டு என்கிறார்கள். பழைய ஃபோட்டோஷாப் கோப்பைத் திறந்தால் கலர் இருந்த இடமெல்லாம் கருப்பு. இந்தத் தொல்லைக்கு நாலு கலரே மேல்.

ஓவர்பிரிண்ட்_ஆசாமி:
நூலகம் போனால் கலர் போய்விடாது, பாண்டி அண்ணே. ஸ்பாட் ஸ்வாட்ச் என்பது பிளேட்டுக்கு ஒட்டும் சீட்டு மாதிரி. "PANTONE Orange 021 C" என்று நீங்களே ஒரு புது ஸ்வாட்ச் உருவாக்கி, டைப்பை ஸ்பாட் என்று வையுங்கள். அதற்குள் கொடுக்கும் சிஎம்ஒய்கே எண் திரையில் காட்டத்தான். தாளில் விழும் நிறம் மெஷின்மேன் திறக்கும் டப்பாவில் இருந்துதான் வருகிறது.

நாலு கலரில் 021 வரவே வராது. மெஜந்தாவையும் மஞ்சளையும் எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பளீர் கிடைக்காது. இனிப்புக் கடைக்காரர் அடுத்த லாட்டிலும் அதே ஷேட் கேட்பார், அப்போது என்ன செய்வீர்கள்?

கோரல்_பாண்டி:
அடுத்த லாட்டில் பேசிக்கொள்வோம் என்பேன். 😄 நாலு கலர் மெஷினில் ஐந்தாவது மை என்றால் ஷீட்டை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும், யூனிட்டைக் கழுவ வேண்டும், கூடுதல் பிளேட். சின்ன லாட்டுக்கு அந்தச் செலவை பார்ட்டி தருவாரா என்று முதலில் கேளுங்கள். தராவிட்டால் ஸ்வாட்ச் ஸ்பாட்டாக இருந்து என்ன பயன்?

சிவகாசி_சிடிபி:
பாண்டி சொல்வது சரி. ஐந்து கலர் மெஷின் இருக்கிற இடத்தில் கேட்டால் பதிலே வேறாக இருக்கும். ஆரஞ்சு வைப்பதென்றால் அதை டிண்ட்டாக்கி (புள்ளிகளாக வெளிறவைத்து) இன்னொரு கலரோடு கலக்காதீர்கள். பல மென்பொருளில் ஸ்பாட்டுக்குத் தானாக விழும் புள்ளிக் கோணம் 45, கருப்புக்கும் அதுவே. மோரே (புள்ளிகள் மோதி வரும் அலைக்கோலம்) அடிக்கலாம். சாலிட்டாக வையுங்கள்.

யூவி விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். சிறிய எழுத்துக்கு மேல் யூவி வேண்டவே வேண்டாம், லேமினேஷன் ஆன ஷீட் ஸ்க்ரீனில் நூலளவாவது நகரும்.

அட்டைப்பெட்டி:
சரி, இப்படிச் செய்யவா? மெயின் பிடிஎஃப்பில் யூவி ஸ்பாட்டாக, ஓவர்பிரிண்டோடு. அதே இல்லஸ்ட்ரேட்டர் கோப்பில் இருந்து யூவியை மட்டும் 100 கே-யில் (முழுக் கருப்பில்) இரண்டாவது பிடிஎஃப். ஆர்ட்போர்டும் கிராப் மார்க்கும் ஒன்றே. பார்ட்டி திருத்தம் சொன்னால் இரண்டையும் புதிதாக எடுப்பேன். ஆரஞ்சுக்கு விலை கேட்டுவிட்டு முடிவு.

ஓவர்பிரிண்ட்_ஆசாமி:
செய்யலாம். எது எதற்கு என்று மெயிலில் பிளேட் பெயரோடு எழுதுங்கள்.

சிவகாசி_சிடிபி:
இரண்டு கோப்பு வந்தால் எது கடைசி என்று கேட்டு நான்தான் ராத்திரி போன் போட வேண்டும். கோப்புப் பெயரில் தேதி போடுங்கள். "ஃபைனல் ஃபைனல் 2" என்று வந்தால் திறக்க மாட்டேன்.