மறு: ரேம் கம்பாட்டிபிலிட்டிக்கு என்ன சொல்?

தேவகோட்டையிலேர்ந்து டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஸ்கூல் லேப்ல பழைய சிஸ்டத்துக்கெல்லாம் ரேம் கூட்டலாம்னு இருக்கோம், பிளஸ் ஒன் பிள்ளைங்களையே ஸ்டிக்கரைப் படிச்சு எது எதுல போகும்னு கண்டுபிடிக்கச் சொல்லலாம்னு தமிழ்ல ரெண்டு பக்கக் குறிப்பு எழுதிக்கிட்டு இருக்கேன். நினைவகம், செருகுவாய் வரைக்கும் ஓடிருச்சு. கம்பாட்டிபிலிட்டில, அதாவது எந்த ரேம் எந்த போர்டோட சேரும்ங்குறதுல, வந்து நிக்குது. "ஒத்திசைவு"ன்னு போட்டுருக்கேன், சரியா வருமா? காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைத் தம்பி தினம் ரேம் கழட்டி மாட்டுறவரு, அவரு என்ன சொல்றாருன்னு பாக்கணும்.

காரைக்குடியிலேர்ந்து:

டீச்சர், ஒத்திசைவு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைக்கு வர்ற ஆளுகிட்ட "உங்க போர்டுக்கும் இந்த ரேமுக்கும் ஒத்திசைவு இல்ல"ன்னா கச்சேரி ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைப்பாரு. நான் பொருத்தம் கட்சி. ஆனா ஒண்ணு, நாம ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு சங்கதியப் போட்டு அமுக்குறோம்னு தோணுது.

முதல் சங்கதி, வேலை செய்யுமா செய்யாதா. டிடிஆர்3, 4, 5ங்குறது ரேமோட தலைமுறை, குச்சின்னு நான் சொல்றது ரேம் அட்டையத்தான். டிடிஆர்3 குச்சி டிடிஆர்4 போர்டுல போகாது, நடுவுல இருக்குற வெட்டே எடம் மாறி இருக்கும், அடியில இருக்குற பின்னும் டிடிஆர்3ல 240, டிடிஆர்4ல 288. லேப்டாப் குச்சின்னா டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. வோல்டேஜும் டிடிஆர்3, 4, 5க்கு 1.5, 1.2, 1.1ன்னு இறங்கிக்கிட்டே வருது. இதுல வில்லங்கம் புடிச்சது டிடிஆர்3எல், 1.35 வோல்ட். எல் போட்ட குச்சி பழைய 1.5 போர்டுலயும் பெரும்பாலும் ஓடிரும், ஆனா 1.35 மட்டும் குடுக்குற லேப்டாப்புல எல் இல்லாத குச்சியப் போட்டா ஸ்கிரீனே வராது. அதைவிட மோசம் சர்வர் ரேம். ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிட்டு வந்துருவாங்க, ரெஜிஸ்டர்டு வகை, டிடிஆர்4ல அதுக்கும் 288 பின்தான், வெட்டும் அதே எடந்தான், அழகா உள்ள போயி உக்காந்துக்கும், சாதா டெஸ்க்டாப் போர்டுல உயிர் மட்டும் வராது. ஸ்டிக்கர்ல வேகத்துக்கு அடுத்த கோட்டுக்குப் பின்னாடி வர்ற எழுத்தைப் பாக்கச் சொல்லுங்க, யு இருந்தா டெஸ்க்டாப், எஸ் இருந்தா லேப்டாப், ஆர் இருந்தா தொடாதீங்கன்னு சொல்லிருங்க.

ரெண்டாவது சங்கதி, ஓடும், ஆனா என்ன வேகத்துல. நம்மூரு பில்லிங் சிஸ்டம் நிறைய ஐ3-8100 தான், அந்தப் பிராசஸரோட மெமரி வேக எல்லை 2400 (இந்த நம்பர் என்னன்னு கீழ சொல்றேன்). அதுல 3200 குச்சி போட்டாலும் 2400லதான் ஓடும். வேற நல்ல போர்டுல 2666ம் 3200ம் கலந்து போட்டீங்கன்னா ரெண்டும் 2666க்கு வந்துரும். குச்சியிலயே எஸ்பிடின்னு ஒரு குட்டிச் சில்லு இருக்கு, தன்னால என்னென்ன வேகம் முடியும்னு அதுல எழுதி வச்சிருக்கும், ஆன் பண்ணுன உடனே போர்டுல முதல்ல ஓடுற பயாஸ்ங்குற புரோகிராம் அதைப் படிச்சு எல்லாத்துக்கும் ஒத்து வர்ற வேகத்துல நிறுத்துது. இதைப் பொருத்தக்கேடுன்னு சொல்ல முடியாது, விட்டுக்குடுத்துப் போறது. இதுக்கு "இணக்கம்"னு தனியா வச்சுக்கலாமே.

அப்புறம் நம்பர் குழப்பம் வரும், முன்னாடியே சொல்லிருங்க. ஒரு ஸ்டிக்கர்ல பிசி4-21300ன்னும் இன்னொண்ணுல பிசி4-2666ன்னும் இருக்கும், ரெண்டும் ஒரே வேகந்தான். நொடிக்கு 2666 மில்லியன் தடவை தரவு போகுது, ஒரு தடவைக்கு 8 பைட், பெருக்குனா 21300 சொச்சம் மெகாபைட். 3200ன்னா 25600. மெகாஹெர்ட்ஸ்னு மட்டும் எழுதிறாதீங்க, கடைக்காரங்க நாங்க எழுதுவோம் அது வேற, நிஜத்துல கடிகாரம் அதுல பாதி, 1333தான், ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை அனுப்புறதாலதான் டபுள் டேட்டா ரேட்டுன்னே பேரு.

டீச்சர்:

தம்பி, ரெண்டாப் பிரிச்சது ரொம்பச் சரி. ஆனா முட்டுது. என் குறிப்பு பூரா "ரேமைப் பொருத்தவும்"னு எழுதி வச்சிருக்கேன். உங்க சர்வர் ரேமையே எடுத்துக்கங்க, அதைப் பொருத்த முடியுது ஆனா பொருத்தம் இல்லைன்னு எழுதினா பிள்ளைங்க என்னைய முழிச்சுப் பாக்கும். அடுத்தது, இணக்கம்ங்குறத மென்பொருள் தமிழாக்கத்துல கம்பாட்டிபிலிட்டிக்கே போட்டுப் பழகிட்டாங்க, நாம அதை இழுத்து இன்னொரு அர்த்தத்துல வச்சா யாரு ஏத்துக்குவா.

ஒத்திசைவுல "ஒத்து" போனாப் போகட்டும், "இசைவை" விட்றாதீங்க. நம்ம பக்கம் நகரத்தார் கல்யாணத்துல இசைகுடிமானம் எழுதுறாங்கல்ல, ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்மதிச்சு எழுதிக்கிடுறது, அங்க இசைன்னா பாட்டா? நீங்க சொல்ற அந்த இறங்கி வர்ற வேகத்துக்கு அது கச்சிதமா உக்காரும்.

காரைக்குடியிலேர்ந்து:

இசைகுடிமானத்தைக் கொண்டாந்துட்டீங்க, இனி நான் என்ன பேசுறது. "இசைவு வேகம்"னே வச்சுக்கலாம். இன்னைக்குக் கடையில ஒருத்தர்கிட்ட "அண்ணே, குச்சி 3200, உங்க மிஷின்ல இசைவு வேகம் 2400தான்"னு சொல்லிப் பாத்தேன், அர்த்தம் கேக்கல, அப்ப 2400 குச்சி என்ன ரேட்டுன்னுதான் கேட்டாரு. புரிஞ்சிருச்சு.

பொருத்தவும்ங்குறத "செருகவும்"னு மாத்திருங்க. செருகுவாய்னு நீங்களே எழுதிட்டீங்க, வினையும் அதுலேர்ந்தே வரட்டும், பொருத்தம் தனியா நின்னுக்கும். டிடிஆர்3எல் சமாச்சாரத்துக்கு "ஒருவழிப் பொருத்தம்".

லேட்டன்சிக்கு, அதாவது கேட்டதுக்கப்புறம் ரேம் தரவைக் குடுக்க ஆகுற நேரத்துக்கு, என்ன போட்டுருக்கீங்கன்னு தெரியல, தாமதம் வேணாம், சுணக்கம்னு போடுங்க, வாயில நல்லா வருது. ஆனா ரேமுக்குப் போடுற சிஎல் நம்பர் சுணக்க நேரம் இல்ல, அதுக்குள்ள எத்தனை கடிகாரத் துடிப்புங்குற எண்ணிக்கை. டிடிஆர்3 1600ல சிஎல் 11, டிடிஆர்4 3200ல சிஎல் 22, பாத்தா டபுளா இருக்கு, நேரத்துல ரெண்டும் 13.75 நானோசெகண்ட். அதனால சிஎல்லுக்கு "சுணக்கத் துடிப்பு".

லேப்ல லினக்ஸ் இருந்தா டிஎம்ஐடிகோட்ங்குற கட்டளைய ஓட்டிக் காட்டுங்க, சிஸ்டத்துல என்னென்ன இருக்குன்னு சொல்லும். அதுல ஸ்பீடுன்னு ஒரு வரி, கான்ஃபிகர்டு மெமரி ஸ்பீடுன்னு இன்னொரு வரி, நாம இம்புட்டு நேரம் பிரிச்சது ரெண்டும் அங்க தனித்தனியாவே நிக்கும். மேல உள்ளது குச்சி வேகம், கீழ உள்ளது இசைவு வேகம். விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜர்ல மெமரிப் பக்கத்துல இசைவு வேகம் மட்டுந்தான் தெரியும், குச்சி வேகம் அங்க தெரியாது, மூடியக் கழட்டி ஸ்டிக்கரைப் பாத்துக்கலாம்.

டீச்சர்:

பொருத்தம், ஒருவழிப் பொருத்தம், இசைவு வேகம், சுணக்கம், எல்லாம் ஏத்தியாச்சு. குச்சிய மட்டும் அச்சுல போட மாட்டேன் தம்பி. அதுக்குத் தனி இழை தொடங்குறேன், அங்க வாங்க.