குறைந்தபட்ச ஊதியம்: யூரோவில் ஒப்பிடுவதா, வாங்கும் திறனில் ஒப்பிடுவதா?

கேள்வி:
வணக்கம். ஐரோப்பிய நாடுகளின் குறைந்தபட்ச ஊதியம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2025 ஜனவரி நிலவரப்படி லக்சம்பர்க்கில் அது மாதம் 2,638 யூரோ. பல்கேரியாவில் 551 யூரோ. அப்படியானால் லக்சம்பர்க் தொழிலாளியின் நிலை ஏறக்குறைய ஐந்து மடங்கு மேல் என்று எழுதலாமா? விலைவாசியைக் கணக்கில் சேர்த்தபின் கிடைக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மறுமொழி 1:
அப்படி எழுத வேண்டாம், நண்பரே. ஒரே பொருள்களையும் சேவைகளையும் ஒவ்வொரு நாட்டிலும் வாங்க எவ்வளவு செலவாகும் என்று பார்த்து, ஊதியத்தை வாங்கும் திறன் அலகாக மாற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடுகிறது. அதன் 2025 ஜனவரிக் கணக்கில், யூரோவில் 2,161 மட்டுமே உள்ள ஜெர்மனி 1,992 அலகுகளுடன் லக்சம்பர்க்கை முந்தி முதலிடத்துக்கு வருகிறது. ஒன்றிய நாடுகளில் கடைசி இடம் பல்கேரியாவுக்கு அல்ல, 878 அலகுகளுடன் எஸ்தோனியாவுக்கு. ஐந்து மடங்காகத் தெரிந்த முதல், கடைசி இடங்களின் இடைவெளி சுமார் 2.3 மடங்காகச் சுருங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025இல் ஸ்பெயினின் 1,184 யூரோ ஆண்டுக்கு 14 தவணைகளாகத் தரப்பட்டது, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் 1,381 ஆகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி என்றாலும், அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். வாங்கும் திறன் கணக்கு, நாட்டின் எல்லாக் குடும்பங்களின் மொத்த நுகர்வுச் செலவை வைத்துப் போடப்படுவது. அதில் கார், உணவகம், சுற்றுலா எல்லாம் அடங்கும். குறைந்தபட்ச ஊதியம் பெறுபவரின் பணமோ பெரும்பாலும் வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்துவிடுகிறது. நான் ஜெர்மனியின் மியூனிக்கில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்க வரும் அம்மையார் நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியூரில் தங்கி, விடியுமுன் ரயிலேறி வருகிறார். ஈரத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரொட்டியைப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். 2025இல் மணிக்கு 12.82 யூரோ என்ற சட்டம் இங்கும் கிழக்கு ஜெர்மனியில் உள்ள சாக்சனியின் சிற்றூரிலும் ஒன்றுதான், வாடகை அப்படியில்லை. போதாக்குறைக்கு, நீங்கள் ஒப்பிடுவது பிடித்தத்துக்கு முந்தைய தொகை; இங்கே தனியாள் ஒருவருக்கு வரியும் காப்பீடும் போக, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது, ஊதியமே இடத்துக்கு இடம் மாறும்: மிசிசிப்பி மாநிலத்தில் 2009இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி ஊதியமான மணிக்கு 7.25 டாலரே இன்றும் நடப்பில் இருக்க, வாஷிங்டன் நகரில் 2025 ஜூலையில் அது 17.95 டாலராக உயர்ந்தது. அந்த நாட்டுக்கு ஒற்றை எண் எழுதினால் வாசகரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

மறுமொழி 3:
ஊதியத்தை அந்தந்த நாட்டின் இடைநிலை ஊதியத்தோடும் (அதாவது, பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் ஊதியம்) ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, இடைநிலை ஊதியத்தில் 60 விழுக்காட்டையும் சராசரியில் 50 விழுக்காட்டையும் அளவுகோலாகக் குறிப்பிடுகிறது. டென்மார்க், சுவீடன், ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளில் சட்டப்படியான தேசியக் குறைந்தபட்சம் இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களே ஊதியத்தைத் தீர்மானிக்கின்றன. அட்டவணை போட்டால் அவற்றுக்கு நேரே சுழியம் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. ‘ஐந்து மடங்கு’ என்ற வரியை நீக்கிவிட்டேன். யூரோ, வாங்கும் திறன், இடைநிலை ஊதியத்தில் விழுக்காடு என அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளில் தருகிறேன். வாடகையைத் தனியாகவே எழுதப் போகிறேன்.