மஞ்சளில் தோய்த்த கம்பளி நூல் சிவந்துவிட்டது

கேள்வி (காரைக்குடி):
ஊட்டியில் படிக்கும் பேரனுக்குக் குல்லாய் பின்னுவதற்காக 100 கிராம் வெள்ளைக் கம்பளி நூலை மஞ்சள்தூள் நீரில் கொதிக்கவிட்டுக் கிளறினேன். நிறம் பிடித்தது, ஆனால் சோப்பு பட்டதும் சிவந்தது, நூலும் சடைபிடித்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில் (தேவகோட்டை):
ஆச்சி, சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசினால் பழைய நிறம் திரும்பும். வெயிலில் வெளுப்பதைத்தான் தடுக்க இயலாது என்பதால், நான் வெங்காயச் சருகையே விரும்புவேன். நம் ஊர்ச் சமையலறையில் அதற்கா பஞ்சம்! 10 கிராம் படிகாரத்தைக் கரைத்த நீரில், முன்பே நனைத்த நூலை ஒரு மணி நேரம் கொதி வராமல் சூடாக்கி, பிறகு சருகை வேகவைத்து வடிகட்டிய சாற்றில் அதேபோல் இட்டால் பொன்னிறம் ஏறும். துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சிறிது சேர்த்தால் பாசிப்பச்சையாக மாறும். அந்தப் பாத்திரத்தில் மீண்டும் சமைக்க வேண்டாம்.

பதில் (கண்டனூர்):
கொதியும் கிளறலுமே சடைக்குக் காரணம். நூலைச் சாயநீரிலேயே ஆறவிட்டு எடுங்கள். சடைபிடித்ததால் உங்களுடையது அசல் கம்பளிதான். அடுத்த முறை வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் வாடை வந்தால் கம்பளி, உருகிக் கட்டிதட்டினால் அக்ரிலிக், அதில் இச்சாயங்கள் சரியாக ஏறா.

கேள்வி கேட்டவர்:
எலுமிச்சை நீரில் அலசினேன், மஞ்சள் திரும்பிவிட்டது. சடையான நூலைப் பாத்திரம் இறக்கும் பிடித்துணியாகத் தைத்துக்கொண்டேன்.